அப்பாவுக்கு ஏலாது

மகள் துஷாந்தி மட்டக்களப்புக்குப் படிக்கப் போனது 2022 ஒக்ரோபர் 16, ஞாயிற்றுக்கிழமை. அன்று இரவு ஏழு மணிக்கு அவள் எடுத்த முதல் அழைப்பு நாற்பத்தொரு நிமிடம் நீடித்தது. கார்த்திகையில் அது இருபத்திரண்டு நிமிடமானது. தைப்பொங்கலுக்குப் பிறகு பதினொன்று. சித்திரை முடிய ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் வந்து நின்றது. மனோகரி இதையெல்லாம் எழுதி வைக்கவில்லை. போனைத் திறந்தால் எல்லாம் வரிசையாக அதிலேயே கிடந்தன. பின்னேரங்களில் கிணற்றடியில் நின்று, விரலால் மேலும் கீழும் தள்ளி அந்த எண்களைப் பார்ப்பது அவளுக்குப் பழகிவிட்டது.

கிணற்றடி என்றால் கிணற்றின் தென்கிழக்கு மூலை. நெடுந்தீவில் எல்லா வளவுகளையும் போல அவர்களுடைய வளவுக்கும் கடற்கல் அடுக்கிய மதில்தான். அந்த மதில் கிணற்றோடு முட்டும் மூலையில், நாலடி அகலத்துக்குள் நின்றால் மட்டும் போனுக்குச் சிக்னல் வரும். வீட்டுக்குள் வராது. ஆழ்வாப்பிள்ளையின் போன் பங்குனி மாதத்தில் இதே கிணற்றுக்குள் விழுந்துவிட்டதால் வீட்டுக்கு இருந்தது மனோகரியின் போன் ஒன்றுதான்.

ஆழ்வாப்பிள்ளை அவளுடைய கணவர். பாட்டனாருடைய பெயரை வைத்ததில், ஐம்பத்தெட்டு வயதிலேயே அவருக்குக் கிழவனின் பெயர். மாடு ஆறு, பனை நாற்பத்துமூன்று, மாரியில் கொஞ்சம் வரகு, குரக்கன். எதைக் கேட்டாலும் முதலில் "பாப்பம்" என்பார்.

மனோகரிக்கு அந்த ஆவணி வந்தால் ஐம்பத்திரண்டு. நெடுந்தீவு மத்தியில் பிறந்து, 1995 வைகாசியில் நெடுந்தீவு கிழக்குக்குக் கலியாணம் செய்து வந்தவள். பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஜெயரூபன் 2018இல் பிரான்சுக்குப் போய்விட்டான். அவன் போனபோது அவள் அழுதாள், பிறகு தேறினாள். வீட்டில் இளையவள் இருந்தாள். அவளுக்குக் காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ரியூசன், பரீட்சைக் காலத்தில் இடைக்கிடை தேத்தண்ணி. அவளும் போன பிறகுதான் மனோகரிக்கு நாள் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. காலை பத்து மணிக்குள் எல்லா வேலையும் முடிந்துவிடும். பிறகு பத்து மணியிலேயே நிற்கும்.

அதற்கு அவள் ஒரு வேலை கண்டுபிடித்திருந்தாள். வெள்ளிக்கிழமைகளில் அலுமாரியைத் திறந்து துஷாந்தி விட்டுப்போன உடுப்புகளை எடுத்துத் தோய்ப்பாள். மூன்று சட்டை, இரண்டு பாவாடை, ஒரு பள்ளிக்கூட வெள்ளை. ஒருவரும் உடுக்காத, போன வெள்ளி தோய்த்த அதே உடுப்பு. மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த மேரிறோஸ் சில கிழமைகள் பேசாமல் பார்த்தாள். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்.

"என்ன மனோ, பேய்க்கோ உடுப்புத் தோய்க்கிறாய்?"

"புழுதி பிடிக்குது அக்கா."

"அலுமாரிக்கையோ? என்ர மனிசன்ர சாறத்தையும் தரட்டே? அதில உண்மையாவே புழுதி கிடக்கு."

மனோகரி சிரித்தாள். அடுத்த வெள்ளியும் தோய்த்தாள்.

2023 ஜூலை 13, வியாழக்கிழமை. மகள் போய் இருநூற்று எழுபதாவது நாள். பின்னேரம் ஐந்து முப்பத்திரண்டுக்கு அழைப்பு வந்தது. தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று அன்று மத்தியானமே தொடங்கியிருந்தது. பனைகள் எல்லாம் வடகிழக்குப் பக்கம் தலைசாய்த்து இரைந்தன. அவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கதைத்தாள்.

துஷாந்தி விடுதியை விட்டு ஒரு வீட்டில் அறை எடுக்கப் போகிறாள். வீட்டுக்காரர் தகப்பனை ஒருமுறை பார்க்கவேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை அப்பா வரவேண்டும் என்று போன அழைப்பிலேயே சொல்லியிருந்தாள். "நீங்கள் வாங்கோ அம்மா" என்று அவள் சொல்லவில்லை. அந்த முள் நாலு நாளாக மனோகரியின் நெஞ்சில் கிடந்தது.

"அப்பாவைக் கேட்டனியளோ?"

மனோகரி கேட்டிருந்தாள். சிவலைப் பசு கன்று போடுகிற தறுவாயில் நின்றது. அதை விட்டுவிட்டு அவர் எங்கே போவார்? இந்த ஒருமுறை அவர் "பாப்பம்" என்றுகூடச் சொல்லவில்லை. "எனக்கு ஏலாது" என்றுவிட்டார். அதை மனோகரி மகளுக்கு இப்படிச் சொன்னாள்:

"அப்பாவுக்கு ஏலாது பிள்ளை. சிவலை கண்டு போடப்போகுது. மூண்டு நாளா ஒண்டும் வாயில வைக்கேல்லை. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு கிடக்கு. பாக்க எனக்கே அந்தரமாக் கிடக்கு."

இவற்றில் இரண்டாவது வசனம் மகளிடம் போய்ச் சேரவில்லை. காற்று கொண்டுபோனதோ கோபுரத்தில் பழுதோ, அந்த ஒரு வசனத்துக்கு மட்டும் லைன் விட்டுப்போனது. மற்ற நாலும் தெளிவாகப் போயின. இந்தத் தீவுகளில் ஒருவரால் ஒரு காரியம் செய்யமுடியாது என்பதற்கும், ஒருவர் நோயில் விழுந்துவிட்டார் என்பதற்கும் 'ஏலாது' என்ற அதே சொல்தான். நடுவில் நின்ற மாட்டை எடுத்துவிட்டால் மிச்சத்தை ஒருவரும் வேறுவிதமாகக் கேட்கமாட்டார்கள்.

"அம்மா? அம்மா!" என்றாள் துஷாந்தி. அதோடு அழைப்பு அறுந்தது. மூன்று நிமிடம் ஐம்பது விநாடி.

மனோகரி அங்கேயே நின்றாள். ஐந்து நாற்பத்தொன்றுக்கு வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"அம்மா அழாதேங்கோ. நான் எட்டரை பஸ்சுக்கு வெளிக்கிடுறன். நாளைக்குக் காலமைப் படகுக்கு வந்திடுவன். அப்பாட்டைச் சொல்லுங்கோ நான் வாறன் எண்டு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனியளோ?"

முதல் தரம் வாசித்தபோது அவளுக்கு விளங்கவில்லை. இரண்டாம் தரம் விளங்கியது. உடனே எழுதத் தொடங்கினாள். "அப்பா நல்ல சுகம். மாட்டுக்குத்தான்" என்பது வரைக்கும் எழுதிவிட்டாள். அனுப்புகிற பொத்தானுக்கு மேலே பெருவிரல் நின்றது.

'நாளைக்குக் காலமை வந்திடுவன்.'

பெருவிரல் இறங்கவில்லை. பஸ் எட்டரைக்குத்தானே, ஆறரைக்கு அனுப்பலாம் என்று நினைத்தாள். வீட்டுக்குள் போய்ப் போனை அலுமாரியில் சேலைகளுக்கு மேலே வைத்துக் கதவைச் சாத்தினாள். அங்கே சிக்னல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஆறரைக்கு அவள் குசினியில் கணவாய் துப்பரவாக்கிக்கொண்டிருந்தாள். ஏழே கால் மணிக்குப் புட்டுக்கு மா குழைத்து வைத்தாள். ஏழு ஐம்பதுக்கு அலுமாரிக் கதவில் கைவைத்தாள். வைத்த கையை எடுத்தாள். வந்து அப்பாவைக் கண்டால் சிரிப்பாள், நாங்களும் சிரிப்போம், இரண்டு நாள் நின்றுவிட்டுப் போகட்டும் என்று மனம் சொன்னது. எட்டரைக்குச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். எட்டு முப்பத்தொன்று ஆனதும் அவளுக்குள் ஏதோ லேசாகியது. அப்படி ஒரு லேசு ஒன்பது மாதத்தில் வந்ததில்லை.

"என்ன கணவாய்? ஆர் வருகினம்?" என்றார் ஆழ்வாப்பிள்ளை, மாட்டடியில் இருந்து வந்து கைகழுவிக்கொண்டு.

"மலிவாக் கிடைச்சுது" என்றாள் அவள்.

விடியக் காற்று இறங்கவில்லை, ஏறியிருந்தது. முற்றத்து வேம்பின் ஒரு கிளை மாட்டடிக் கூரைமேல் முறிந்து கிடந்தது. ஆறு பத்துக்கு மனோகரி போனை எடுத்துக்கொண்டு கிணற்றடி மூலைக்குப் போனாள். நாலடிக்குள் கால் வைத்ததும் போன் அதிரத் தொடங்கி நிற்கவே இல்லை. தவறிய அழைப்பு துஷாந்தியிடமிருந்து பதினாலு, ஜெயரூபனிடமிருந்து ஒன்பது. பிறகு செய்திகள்.

"அம்மா எடுங்கோ."

"அம்மா ஒரு சொல்லு எழுதுங்கோ."

"அப்பா இருக்கிறாரோ?"

கடைசிச் செய்தி அதிகாலை நாலு இருபதுக்கு. "கொடிகாமம் தாண்டிட்டன். சார்ஜ் முடியுது."

'அப்பா இருக்கிறாரோ' என்ற இரண்டு சொல்லை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிக்கும் என்று இரவு முழுக்க நினைத்திருந்த முகம் இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. மகளுக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தாள். அவளுடைய போன் நின்றுவிட்டிருந்தது. போனை மதிற்கல்லின்மேல் வைத்தாள். வைத்த கணமே அது அடித்தது. மாட்டுக்குத் தண்ணீர் அள்ள வாளியோடு வந்த ஆழ்வாப்பிள்ளை அவளுக்கு முந்தி எடுத்துவிட்டார்.

"ஹலோ."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஜெயரூபனின் குரல்.

"ஆர் கதைக்கிறது? மாமாவோ? அம்மாட்டைக் குடுங்கோ மாமா."

"கொப்பன்ரா கதைக்கிறன். என்ன, விடியக் காத்தால வெறியே?"

இருபத்தாறு வயது ஆம்பிளை சின்னப்பிள்ளை மாதிரி விக்கத் தொடங்கினான்.

"அப்பா... நீங்கள் இருக்கிறியளோ?"

"இருக்கிறனோவோ? நிக்கிறன்ரா. வாளியோட நிக்கிறன். உனக்கு என்ன நடந்தது?"

பிரான்சில் அப்போது அதிகாலை இரண்டு ஐம்பது. தங்கை சொன்னதிலிருந்து படுக்காமல் விமானச் சீட்டுத் தேடிக்கொண்டிருந்தவன் எல்லாவற்றையும் கொட்டினான். ஆழ்வாப்பிள்ளை கேட்டு முடித்து, "போய்ப் படு மோனை, நான் நல்ல சுகம்" என்று சொல்லிப் போனை மதிலில் வைத்தார். மனைவியைப் பார்த்தார்.

"என்ன சொன்னனீர்?"

"மாட்டைத்தான் சொன்னனான். லைன் விட்டு விட்டு வந்தது."

"பிள்ளை இப்ப எங்கை?"

"குறிகட்டுவான் துறைக்கு வந்திருப்பாள். காலமைப் படகு."

அவர் பனைகளை அண்ணாந்து பார்த்தார். "இந்தச் சோழகத்துக்கையோ?"

அதற்குமேல் கேட்கவில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். மதிலுக்கு மேலால் மேரிறோஸ் எட்டிப் பார்த்தாள்.

"எங்கை ரெண்டு பேரும் இந்தக் காத்துக்கை?"

"என்ர செத்தவீட்டுக்கு ஆள் வருகுது பிள்ளை. கூட்டிக்கொண்டு வரப் போறம். சிவலையை ஒருக்காப் பார்."

மேரிறோஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். மனோகரி பின்னால் கரியரில் ஏறினாள். எதிர்காற்றில் அவர் உழக்கிய மூச்சு அவளுக்குக் கேட்டது.

மாவிலித்துறையில் எட்டுப் பேர் நின்றார்கள். கடல் சாம்பல் நிறத்தில் வெள்ளை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. துறையில் பயணிகளின் பெயர் எழுதும் டினேஷ், படகு எட்டு நாற்பதுக்குக் குறிகட்டுவானை விட்டு வெளிக்கிட்டது, இருபத்தேழு பேர் ஏறியிருக்கினம், ஒன்பது நாற்பதுக்கு வரவேண்டும் என்றான்.

ஒன்பது நாற்பது ஆனது. ஒன்பது ஐம்பத்தைந்து ஆனது. டினேஷின் போன் அடித்தது. அவன் கொஞ்சம் தள்ளிப்போய்க் கதைத்தான். தள்ளிப்போய்க் கதைத்ததிலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

"என்னடா தம்பி?" என்றார் ஆழ்வாப்பிள்ளை.

"எஞ்சினுக்கை தண்ணி பூந்திட்டுதாம் அண்ணை. நடுக்கடலில நிக்கினம். பயப்பிடாதேங்கோ, மீன்பிடிப் படகு ரெண்டு போகுது, கட்டி இழுக்க."

"நிக்கினமோ, மிதக்கினமோ?"

அந்தக் காற்றில் எஞ்சின் இல்லாத படகு ஒரே இடத்தில் நிற்காது என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஒரு பெண் மாதாவைக் கூப்பிட்டாள். மனோகரி துறையின் விளிம்பில் இருந்த கட்டையில் கைவைத்து நின்றாள். கட்டை ஈரமாக இருந்தது. அந்த இருபத்தேழு பேரில் இருபத்தாறு பேர் தங்கள் தங்கள் அலுவலுக்காக அந்தப் படகில் ஏறியவர்கள். ஒருத்தியை மட்டும் அவள் ஏற்றிவிட்டிருந்தாள். நேற்றுப் பின்னேரம் ஒரு பெருவிரலை இறக்கியிருந்தால் அந்தப் பிள்ளை இந்நேரம் மட்டக்களப்பில் புத்தகத்தோடு இருந்திருப்பாள்.

"இஞ்சருங்கோ" என்றாள்.

அவர் திரும்பவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிள்ளை பிழையா விளங்கிட்டாள் எண்டு எனக்கு நேற்று அஞ்சு நாப்பத்தொண்டுக்கே தெரியும். பஸ் எட்டரைக்குத்தான் வெளிக்கிட்டது. ரெண்டே முக்கால் மணித்தியாலம் இருந்தது. நான் எழுதினனான், அனுப்பேல்லை. போனை அலுமாரிக்கை வைச்சுச் சாத்தினனான்."

"ஏன்?"

"வரட்டும் எண்டு."

ஆழ்வாப்பிள்ளை அவளைப் பார்த்தார். ஏசுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் ஏசவில்லை. இரண்டு எட்டு எடுத்துவைத்து அவளை விட்டுத் தள்ளிப்போய் நின்றார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அப்படித் தள்ளி நின்றதில்லை. அந்த இரண்டு எட்டு இடைவெளிக்குள்ளால் காற்று போய்வந்தது.

பத்து இருபதுக்கு ஒருவன் கை நீட்டினான். வடகிழக்கில், வரவேண்டிய திசைக்கு நன்றாகத் தள்ளி, ஒரு கறுப்புப் புள்ளி ஏறி இறங்கியது. பிறகு அதற்கு முன்னால் இரண்டு சின்னப் புள்ளிகள். அவை கிட்ட வருவதற்கு அரை மணித்தியாலம் எடுத்தது. படகு துறையில் அணைந்தபோது பத்து ஐம்பத்திரண்டு.

வந்தவர்கள் எல்லாரும் தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தார்கள். துஷாந்தி ஒன்பதாவதாக இறங்கினாள். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை கழுத்துவரை ஏறியிருந்தது. கண் வீங்கியிருந்தது. படியில் ஏறி, கூட்டத்துக்குள் தாயைத் தேடினாள். தாய்க்கு இரண்டு எட்டுத் தள்ளி நின்ற தகப்பனைக் கண்டாள். கண்டதும் துறைச் சீமெந்திலேயே இருந்துவிட்டாள்.

படகோட்டி பஸ்ரியாம்பிள்ளை கயிற்றை எறிந்துவிட்டு நிமிர்ந்தவர் வாயைப் பிளந்தார்.

"ஆழ்வாண்ணை! நீங்களோ? உங்கட ஆத்துமத்துக்கெண்டு நடுக்கடலில இருபத்தாறு பேரும் செபமாலை சொல்லி முடிச்சிட்டமே!"

"சொன்னது வீணாப் போகாது. மிச்சத்தை வைச்சிரு, பிறகு எடுக்கிறன்."

துறையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். உயிர் தப்பி வந்தவர்களின் சிரிப்பு அது. அழுகை எங்கே முடிந்து சிரிப்பு எங்கே தொடங்கியது என்று தெரியவில்லை. மனோகரி சிரிக்கவில்லை. துஷாந்தியும் சிரிக்கவில்லை. அவள் தகப்பனின் முழங்காலைக் கட்டிப்பிடித்தபடி தாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் குளித்து உடுப்பு மாற்றி வந்தாள். தோய்த்துத் தோய்த்து வெளிறிய சட்டை. புட்டும் கணவாய்க் கறியும் முன்னால் இருந்தன. அவள் தொடவில்லை.

"அம்மா, நான் அனுப்பின மெசேஜ் உங்களுக்கு எத்தினை மணிக்குக் கிடைச்சது?"

"காலமை..." என்று தொடங்கினாள் மனோகரி.

துஷாந்தி தன் போனைச் சார்ஜரிலிருந்து கழற்றி, திறந்து, தாயின் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இந்த ரெண்டு சரி அடையாளம் தெரியுதோ? நீலமா நிக்குது. நீங்கள் வாசிச்சிட்டியள் எண்டால்தான் நீலமாகும். நேற்று அஞ்சு நாப்பத்தொண்டுக்கே நீலமாப் போச்சு."

மனோகரிக்கு அது தெரியாது. அந்தச் சின்ன நீலக் கோடுகளை அவள் எத்தனையோ தரம் கண்டிருக்கிறாள். அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தாள்.

"வாசிச்சிட்டியள், ஆனால் ஒண்டும் எழுதேல்லை. எடுத்தால் போன் வேலை செய்யேல்லை. நான் என்ன நினைப்பன்? அப்பா முடிஞ்சுது, அம்மாவுக்கு எழுத ஏலாது எண்டுதான் நினைச்சனான். பஸ்சுக்கை எட்டு மணித்தியாலம் அம்மா. பக்கத்துச் சீட்டில இருந்த ஆரோ ஒரு அக்காவின்ர தோளில சாஞ்சு அழுதுகொண்டு வந்தனான். அவவின்ர பேர்கூட எனக்குத் தெரியாது."

மனோகரி கதிரையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். லைன், காற்று, சிக்னல் என்று சொல்ல எல்லாம் கைவசம் இருந்தது.

"நான் வேணுமெண்டுதான் எழுதேல்லை" என்றாள். "நீ வரவேணும் எண்டு இருந்தது. நீ இப்பிடி நினைப்பாய் எண்டு நினைக்கேல்லை. நினைக்க விரும்பேல்லை."

துஷாந்தி தட்டை இழுத்துச் சாப்பிட்டாள். வேகமாக, கீழே பார்த்தபடி. "நாளைக்கு ஒன்பது மணிக்கு எனக்குப் பரீட்சை" என்றாள். "ரெண்டரைப் படகுக்குப் போகவேணும். போகாட்டி அடுத்த வருஷம்தான்."

ஒன்றே முக்கால் மணிக்குச் சிவலை கீழே விழுந்து கதறத் தொடங்கியது. ஆழ்வாப்பிள்ளை மாட்டடியிலிருந்து தலையை நீட்டினார். முழங்கை வரை ஈரம்.

"பிள்ளையைத் துறைக்குக் கொண்டுபோக எனக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார். அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு அன்று வாய் வரவில்லை. "மாடு கண்டு போடுது. என்னால விட்டிட்டு வர முடியாது" என்றார்.

"நான் போறன்" என்றாள் மனோகரி. "குறிகட்டுவான் மட்டும் போய் பஸ் ஏத்திவிட்டு வாறன்."

காலையில் பழுதான படகு துறையில் கட்டிக் கிடந்தது. ஓடியது வேறு படகு. ஓட்டி அதே பஸ்ரியாம்பிள்ளை. காற்று கொஞ்சம் தணிந்திருந்தது, கடல் தணியவில்லை. துறையைத் தாண்டியதும் முதல் அலை மேல்தட்டுவரை அடித்தது. மனோகரி கடல் தாண்டி இருநூற்று எழுபத்தொரு நாள். மகளைக் குறிகட்டுவானில் பஸ் ஏற்றிவிட்டு வந்த அந்தப் பயணத்துக்குப் பிறகு இதுதான். படகு ஒரு பக்கம் சாய்ந்து, நெடுநேரம் நின்று, மற்றப் பக்கம் விழுந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் அவள் மனதில் காலைப் படகு தெரிந்தது. எஞ்சின் இல்லாமல், தகப்பன் செத்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு இந்தத் தண்ணீருக்கு நடுவில் ஒன்றரை மணித்தியாலம் இருந்த பிள்ளை. துஷாந்தி இரண்டு தரம் சத்தி எடுத்தாள். மனோகரி பொலித்தீன் பையைப் பிடித்தாள். மூன்றாம் தரம் சத்தி எடுத்தது மனோகரி. பையைப் பிடித்தது துஷாந்தி. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

குறிகட்டுவானில் யாழ்ப்பாண பஸ் புறப்படத் தயாராக நின்றது. துஷாந்தி ஏறி, யன்னலோரம் இருந்தாள். எஞ்சின் இரைந்தது. மன்னிப்புக் கேட்கத் தாய் வாயைத் திறக்குமுன் மகள் குனிந்து சொன்னாள்:

"அம்மா, இனிமேல் ஆருக்கு எண்டு முதல்ல சொல்லுங்கோ. பிறகு என்ன எண்டு சொல்லுங்கோ."

"ஓம்" என்றாள் மனோகரி.

"மாட்டுக்கு எண்டால் மாட்டுக்கு எண்டு."

"ஓம் பிள்ளை."

பஸ் வெளிக்கிட்டது. வழக்கமாகச் சொல்லும் "போட்டு வாறன்" என்பதை மகள் சொல்லவில்லை. சொல்ல மறந்தாளா, சொல்லாமல் விட்டாளா என்று மனோகரிக்குத் தெரியவில்லை. திரும்பிய படகில் அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வர ஆறு மணி தாண்டிவிட்டது. ஆழ்வாப்பிள்ளை தேத்தண்ணி வைத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எட்டி நிற்காமல், பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

மறுநாள் சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மனோகரி கிணற்றடி மூலைக்குப் போனாள். பரீட்சை முடியப் பன்னிரண்டு ஆகும் என்று தெரியும். இருந்தும் போனாள். வெயில் ஏறியது. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டாள். பிள்ளை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாளா, எழுதினாளா, இனி எழுதுவாளா என்று ஒன்றும் தெரியவில்லை. பன்னிரண்டு பதினாலுக்கு ஒரு செய்தி வந்தது.

"எழுதிட்டன். மாடு?"

இரண்டே சொல். மனோகரி உடனே எழுதத் தொடங்கினாள். யாருக்கு என்பதை முதலில் வைத்தாள்.

"மாடு கண்டு போட்டிட்டுது. நாகு, பெட்டைக் கண்டு. மாட்டுக்குச் சுகம். கண்டுக்குச் சுகம். அப்பாவுக்கு நல்ல சுகம். அறை பாக்க அப்பா அடுத்த ஞாயிறு வருவார், நான் கேட்டிட்டன்."

அனுப்புகிற பொத்தானுக்கு மேலே பெருவிரல் வந்து நின்றது. எடுத்தாள். இன்னும் இரண்டு வரி எழுதினாள்.

"எனக்குத்தான் ஏலாமல் கிடக்கு. நீங்கள் ரெண்டு பேரும் போனதிலயிருந்து. அதுக்கு நீ வராதை. நீ படி."

பெருவிரலை இறக்கினாள். ஒரு சரி வந்தது. இரண்டு சரி வந்தன. பன்னிரண்டு பத்தொன்பதுக்கு இரண்டும் நீலமாயின.

பதில் வரவில்லை. ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடம் போனது. வாசித்துவிட்டாள், ஒன்றும் எழுதவில்லை. அந்தப் பிள்ளை பஸ்சுக்குள் எட்டு மணித்தியாலம் எதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள் என்று மனோகரிக்கு இப்போது தெரிந்தது. போனை அலுமாரிக்குள் வைக்க வேண்டும் போல இருந்தது. வைக்கவில்லை. நாலடிக்குள்ளேயே நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் மேரிறோஸ் கேட்டாள்:

"மனோ, நேற்று வெள்ளி. உடுப்புத் தோய்க்கேல்லையோ?"

"இல்லை அக்கா. பிள்ளை உடுத்திக்கொண்டு போயிட்டாள்."

பன்னிரண்டு இருபத்தெட்டுக்குப் போன் அதிர்ந்தது. அவள் இரண்டு கையாலும் பிடித்து வாசித்தாள்.

"வாசிச்சன். அறை பாக்க நீங்களும் வாங்கோ. மாட்டை மேரிறோஸ் அன்ரி பாக்கட்டும். நாளைக்கு ஆறு மணிக்கு எடுக்கிறன், கிணத்தடி மூலையில நில்லுங்கோ."

மனோகரி "ஓம்" என்று எழுதினாள். பிறகு அதை அழித்துவிட்டு எழுதினாள்: "நான் வாறன்."